முனிசிபல் தீர்மானமும் உழைப்பாளி வாழ்வும்

நகராட்சிக் கவுன்சில் கூட்டத்தின் அஜெண்டாவைத் தோழர்கள் யாரேனும் முழுதும் படித்துப் பார்த்ததுண்டா? சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குப்பை வண்டிக்கு டயர், சந்தைக் குத்தகை ஏலம் என்று ஐம்பது அறுபது இனங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் நடுவே, யார் கண்ணையும் உறுத்தாத விதத்தில் ஓர் இனம் எட்டிப் பார்க்கும். இன்ன வார்டில், இன்னின்ன சர்வே எண்களில் அடங்கிய நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்ற மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது என்று நாலே வரி. பஞ்சாலை ஊர்களிலே தொழிற்சாலை உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு என்று இருக்கும். வேறு வித்தியாசம் கிடையாது. குமாஸ்தா வாசித்து முடிப்பதற்குள் "ஆல் பாஸ்!" என்று குரல் எழும்பும். அடுத்த இனம் சாக்கடை மூடி!

சாக்கடை மூடிக்கு அரை மணி நேரம் விவாதம் நடப்பதுண்டு. அந்த நாலு வரிக்கு அரை நிமிஷம். ஆனால் ஆண்டு முழுவதும் அந்த மன்றம் செய்கிற காரியங்களில், பணம் மிக அதிகமாகக் கைமாறுவது அந்த நாலு வரியில்தான் என்று நாம் சொல்கிறோம்.

எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது நூறு சென்ட். 43,560 சதுர அடி. வயலாக இருக்கும் வரை அது ஏக்கர் கணக்கில் விலை போகும். மனையாகிவிட்டால் சதுர அடிக் கணக்கில் விலை போகும். உதாரணத்துக்கு, ஏக்கர் 30 லட்சத்துக்கு விற்கிற நிலம் என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கும் பூங்காவுக்கும் நாற்பது சதவீதம் கழித்தாலும் 26,000 சதுர அடிக்கு மேல் மிஞ்சும். சதுர அடி ஆயிரம் ரூபாய் என்றால் 2 கோடி 60 லட்சம்! முப்பது லட்சம் இரண்டரைக் கோடியாயிற்று. சொந்தக்காரன் ஒரு கூடை மண் வெட்டிப் போட்டானா? இல்லை. விலையை ஏற்றியது கவுன்சில் தீர்மானம். அந்தத் தீர்மானத்துக்கு மதிப்புக் கொடுத்தது ஊர். நகராட்சி போட்ட சாலை, ஜனங்களின் வரிப் பணத்தில் வந்த குடிநீர்க் குழாய், ஆலைத் தொழிலாளி சம்பளம் செலவழித்து உண்டாக்கிய கடைத்தெரு ஆகிய இவைதான் பக்கத்து வயலை மனையாக்கத் தகுந்ததாகச் செய்தன. உண்டாக்கியது எல்லோரும், சட்டைப் பைக்குள் போட்டுக் கொள்வது ஒருவர்!

நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று விதி செய்யும் அதிகாரம் புதியதல்ல. சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920-லேயே வந்தது. இப்போது அமலில் இருப்பது 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் என்று ஒன்று தயாரித்து, இது குடியிருப்பு, இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று வர்ணம் தீட்டி வைக்கிறார்கள். அந்த வர்ணத்தை மாற்ற வேண்டுமானால் விளம்பரம் செய்ய வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும். கடைசி முடிவு மாநில சர்க்காருடையது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்துக்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். 1992-ல் அரசியல் சாசனத்துக்குச் செய்த 74-வது திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, நில உபயோகத்தை ஒழுங்கு செய்வதை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரிய வேலைகளில் ஒன்றாகவே சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் 2016 முதல் 2022 வரை நகராட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. அதிகாரிகளே கவுன்சில், அதிகாரிகளே சேர்மன்! 2022 பிப்ரவரியில்தான் ஜனங்கள் தேர்ந்தெடுத்த மன்றங்கள் மீண்டும் வந்தன. அவ்வளவு நாள் பூட்டிக் கிடந்த கதவு திறந்த பிறகும், உள்ளே நடப்பதை நாம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் குற்றம் யாருடையது?

கவுன்சில் தீர்மானம் கடைசி முடிவல்லவே, வெறும் சிபாரிசுதானே என்று சில கவுன்சிலர்கள் தட்டிக் கழிப்பார்கள். சிபாரிசு இல்லாமல் மனு மேலே நகருவது கடினம் என்பது மனுப் போட்டவருக்குத் தெரியும். தெரியாமலா அவர் சேர்மன் வீட்டுக்கும் கவுன்சிலர் வீட்டுக்கும் நடையாய் நடக்கிறார்?

ஆலைத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய முக்கியமான கதை பம்பாயில் நடந்தது. அது மாநகரம்தான், நம் ஊரோ சிறிய ஊர். ஆனால் விதியில் ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை அந்த ஊரைப் போல வேறு எந்த ஊரும் காட்டவில்லை.

பரேல், லால்பாக், வொர்லி வட்டாரத்துக்கு கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்றே பெயர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பஞ்சாலைகள், சுமார் 600 ஏக்கர் நிலம். 1982 ஜனவரி 18-ந் தேதி அங்கே தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். மாதக் கணக்கில் நின்றார்கள். பெரும் பகுதியினருக்கு வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை. நூல் விற்று வந்த லாபத்தைவிட நிலம் விற்று வரும் லாபம் பெரிது என்று முதலாளிகளுக்கு அதற்குள் புத்தியில் உறைத்து விட்டது.

ஆனால் நிலம் தொழிற்சாலை உபயோகத்துக்கென்று குறிக்கப்பட்டது. விற்பதற்கு விதி மாற வேண்டும். 1991-ல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ம் விதி வந்தது. ஆலை நிலத்தை மாற்றி உபயோகிக்கலாம். ஆனால் மூன்று பங்கு. ஒரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்குமாக நகராட்சிக்கு. ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு. ஒரு பங்குதான் ஆலைக்காரருக்கு. விற்று வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஆலையைச் சீர்திருத்தவும் தொழிலாளி பாக்கியைத் தீர்க்கவும் செலவழிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. இது புரட்சியல்ல, சாதாரண நியாயம். அதற்கே முதலாளிகள் மசியவில்லை. பத்து வருஷம் நிலத்தைப் பூட்டி வைத்துக் காத்திருந்தார்கள்.

2001-ல் அந்த விதியில் திருத்தம் வந்தது. மூன்று பங்கு என்பது அப்படியே இருந்தது! மாறியது எதைப் பங்கு போடுவது என்பதுதான். மொத்த நிலத்தையல்ல, காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்று ஆயிற்று. ஆலைக் கட்டடம் நிற்கிற இடம் கணக்கில் சேராது. கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் சேராது. பஞ்சாலைக்குள் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஸ்பின்னிங், வீவிங், குடோன், பாய்லர் என்று காம்பவுண்டு முழுக்கக் கொட்டகைதானே! காலி இடம் எவ்வளவு இருக்கும்? மூன்றில் ஒரு பங்கு துண்டு துணுக்காயிற்று. 2005-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜனங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்து திருத்தத்தை நிலைநிறுத்தியது. அதற்கு முன்பே, 2005-ல், தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஓர் ஆலை நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்கு ஏலம் போய்விட்டது. சர்க்கார் ஆலை!

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? ஓயாத போராட்டத்துக்குப் பிறகு, 2012-ல் முதல் குலுக்கலில் 6,925 வீடுகள். வீடு கேட்டு மனுப் போட்ட தொழிலாளர்களும் வாரிசுகளும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர்! தொழிலாளர் பொழுதுபோக்குக்கு என்று அனுமதி வாங்கி, பணக்காரப் பிள்ளைகள் பந்து உருட்டி விளையாடும் கூடம் கட்டிய புண்ணியவானும் அங்கே உண்டு.

நம் ஊர்க் கதை வேறா? 1918-ல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்த பெரம்பூரில் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. அந்த மண்ணில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. கோவையில், 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளைத் திறக்கக் கோரித் தொழிலாளர்கள் ஆண்டுக் கணக்கில் போராடினார்கள். நலிந்த பஞ்சாலைகளை நாட்டுடைமையாக்கிய 1974-ம் ஆண்டுச் சட்டம் பொதுச் சொத்தாக்கியது இயந்திரத்தை மட்டுமல்ல, நிலத்தையும்தான். பழைய ஸ்பிண்டில் இரும்பு விலைக்குப் போகும். நிலம் எந்த விலைக்குப் போகும் என்பது அஜெண்டாவின் நாலு வரியில் இருக்கிறது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் என்று 1978-ல் நம் மாநிலத்தில் ஒன்று இருந்தது. 1999-ல் அதையும் ரத்துச் செய்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது இந்த உபயோக விதி ஒன்றுதான். அதையும் ஆல் பாஸ் என்று விட்டுவிடுவதா?

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நகரத்து ஓரத்தில் நன்செய் எப்படிச் சாகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். முதல் வருஷம் நிலச் சொந்தக்காரர் நடவு போடுவதில்லை. கேட்டால், ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்பார். (பழி கூலியின் மேல்!) இரண்டாம் வருஷம் வாய்க்காலில் கட்டட இடிபாடு வந்து விழும். யார் கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் வருஷம் கருவேல மரம் வளர்ந்திருக்கும். அதன் பிறகு மனு வரும்: நிலம் தரிசு, பாசன வசதி இல்லை, விவசாயத்துக்கு லாயக்கற்றது! தாமே அடைத்த வாய்க்காலைத் தமக்கே சாட்சியாக நிறுத்துகிறார்கள். அதோடு போயிற்றா? அந்த வாய்க்கால் அடுத்த வயலுக்கும் அதற்கடுத்த வயலுக்கும் போகிறதல்லவா? கடைமடையில் உள்ளவனும் தரிசு போடுவான். அவனுடைய மனு இரண்டு வருஷம் கழித்து வரும். நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுப்பு என்று பெண்களுக்குக் கிடைத்த வேலை நாள் ஒவ்வொன்றாகக் கழிந்து போகும். பட்டா இல்லாத அவர்களை யாரும் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் சேர்ப்பதுமில்லை.

காவிரிப் படுகைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதே என்பார்கள். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது உண்மை. எண்ணெய்க் கிணறு, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை முதலியவற்றை அது தடுக்கிறது. மக்கள் போராடிப் பெற்ற சட்டம். நாம் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டு மனை வியாபாரம் இல்லை! எண்ணெய்க் கம்பெனிக்குப் போட்ட வேலியின் பக்கத்திலேயே மனைத் தரகருக்கு வழி திறந்து கிடக்கிறது.

அத்துடன், பக்கத்து ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்க்கும் ஏற்பாடும் நடக்கிறது. 2025 ஜனவரியில் அப்படி அறிவிப்புகள் வந்தபோது பல கிராமங்களில் ஜனங்கள் மனுவோடு திரண்டார்கள். காரணம் எளிது. கிராமம் நகரமாகிவிட்டால் கிராமப்புற வேலைத் திட்டத்துக்கு அங்கே இடமில்லை. வயலும் போய், திட்ட வேலையும் போய், சொத்து வரி மட்டும் வீடு தேடி வரும்.

"ஊர் வளர வேண்டாமா? ஏழைக்கு வீடு வேண்டாமா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். வீடு வேண்டும் என்று சொல்லி வருபவர்களே நாம்தான்! 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து, பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாயிற்றென்றால், அதற்குப் பின்னால் எத்தனை அடியும் சிறையும் இருந்தன என்பது கீழத் தஞ்சைக்குத் தெரியும். நம் சண்டை வீட்டோடு அல்ல. மனை போட்டு விற்பவர்கள் யாருக்கு விற்றார்கள், எப்படி விற்றார்கள் என்பதைத்தான் கேட்கிறோம். மாதத் தவணையில் ஒன்றரை சென்ட் மனை வாங்கிய ஆலைத் தொழிலாளர்கள் நம் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோது, அவர்கள் கையிலிருந்த பத்திரம் வெறும் காகிதம் போலாயிற்று. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதி வந்தது. கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டியது பெரும்பாலும் யார்? வாங்கியவர்தான். சாலையும் சாக்கடையும் பூங்காவும் விடாமல் விற்றவர் அடுத்த ஊருக்குப் போய் அடுத்த வயலுக்குக் கல் நட்டுக் கொண்டிருந்தார்.

பெரிய மனைப் பிரிவுகளில் பத்து சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், பெரிய மனைப் பிரிவுகளில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்குச் சிறு மனை ஒதுக்கவும் சொல்கின்றன. எந்தக் கவுன்சிலராவது எழுந்து நின்று, அந்த மனைகள் எங்கே, வாங்கியவர்கள் யார் என்று மன்றத்தில் கேட்டாரா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்துக் கொண்டு, கடனில் மூழ்கி, மகள் கல்யாணத்துக்காக நிலத்தை விற்கத் துடிக்கும் சிறு விவசாயி நம் எதிரியல்ல. நெல்லுக்குக் கட்டுபடியான விலை கிடைக்காதவனிடம் போய், நீ விற்காதே என்று உபதேசம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. அவன் பெரும்பாலும் மனை விலைக்கு விற்பதுமில்லை. வயல் விலைக்குத் தரகரிடம் விற்றுவிடுகிறான். மாற்றத் தீர்மானம் வருவது அதற்குப் பிறகு! எந்தப் பக்கம் ரோடு வரும், எந்தச் சர்வே எண்ணுக்கு வர்ணம் மாறும் என்பது முன்கூட்டித் தெரிந்தவன் வாங்குகிறான். தெரியாதவன் விற்கிறான். அந்த விவசாயியும் நம்மோடு சேர்ந்து நிற்க வேண்டியவன்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். போனஸ் என்றால் கேட்டில் கூடுகிறோம். பஞ்சப்படி என்றால் கூடுகிறோம். கூலி உயர்வுக்கு வயலில் செங்கொடி நடுகிறோம். ஆனால் ஆலை நிலத்தின் வர்ணம் மாறிய கூட்டம் நடந்த அன்று நம்மில் யாரும் பார்வையாளர் பெஞ்சில் இல்லை. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய கவுன்சிலரும் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், அவரைக் கிளைக் கூட்டத்தில் நிறுத்தி விளக்கம் கேட்க வேண்டும். ஆலை மூடிய பிறகு கிராச்சுவிட்டிக்கு வழக்குப் போட்டுப் பத்து வருஷம் அலைவதைவிட, நில உபயோகம் மாறுவதற்கு முன் ஒரு நாள் மன்றத்துக்குப் போவது லேசான வேலை.

என்ன கேட்பது? மூடிய ஆலையின் நிலத்துக்கு உபயோக மாற்றம் கேட்டு மனு வந்தால், பிராவிடண்ட் பண்டும் கிராச்சுவிட்டியும் சம்பளப் பாக்கியும் பைசா பாக்கியின்றித் தீர்ந்ததற்கு ரசீது காட்டாதவரை மன்றம் சம்மதம் தரக்கூடாது. சட்டத்தில் அப்படி இடமில்லை என்பார்கள். பம்பாயில் 1991-ல் நில விதியிலேயே தொழிலாளி பாக்கிக்கு வழி எழுதினார்களா இல்லையா? எழுத வேண்டும் என்று மன்றம் தீர்மானம் போட்டு சர்க்காருக்கு அனுப்பட்டும். மாற்றத்தால் ஏறும் விலையில் ஊருக்கு ஒரு பங்கு, நிலமாகவே, வர வேண்டும். அதில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் வீடு கட்ட வேண்டும். பங்கு என்பது மொத்த நிலத்தில் பங்கு; காலி நிலத்தில் என்று எவனாவது ஒரு வார்த்தையைச் செருகினால் அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். வாய்க்கால் பாய்கிற நன்செய்க்கும், தரிசாக்கப்பட்ட நன்செய்க்கும், மாற்றமே கூடாது. அடைத்த வாய்க்காலைத் திறந்த பிறகு பேசட்டும்.

செய்ய வேண்டிய வேலை இந்த வாரமே இருக்கிறது. ஒவ்வொரு ஆலைக் கிளையும் ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும், எழுத்துத் தெரிந்த ஒரு தோழரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். நம் கவுன்சிலர் இருக்கும் ஊரில் அஜெண்டா நகலை அவரிடம் வாங்குங்கள். இல்லாத ஊரில், 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு, நில உபயோக மாற்றக் கோப்புகளின் நகலைக் கேளுங்கள். சர்வே எண்ணை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். நேரில் போய் நிலத்தைப் பாருங்கள். வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, கடைசியாக எந்த வருஷம் நடவு நடந்தது, யார் யார் அதில் வேலை செய்தார்கள் என்று எழுதி, வேலை செய்த பெண்களிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அவர்களைவிட நல்ல சாட்சி அந்த நிலத்துக்குக் கிடையாது. ஆட்சேபணை தெரிவிக்கப் பட்டா தேவையில்லை. விளம்பரம் பொதுமக்கள் எல்லோருக்கும்தான். ஆனால் கெடு நாள் முடிந்து போனால் மனுவைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தபாலில் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துக் கொண்டு பத்துப் பேராகச் சேர்ந்து அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்து, நம் பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக் கொண்டு வாருங்கள்.